எழுதிக் கொடுத்த சொத்து எப்போது கைவிட்டுப் போகிறது?

‘வீட்டைப் பையன் பேருக்கு எழுதி வெச்சுட்டேன்’ என்று வயதானவர்கள் சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். கேட்பவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார். அவர் எழுதியது உயிலா, செட்டில்மென்டா, வெறும் பவரா என்று யாரும் கேட்பதில்லை. பல சமயம் எழுதியவருக்கே அது தெரியாது. ‘பத்திரம் போட்டாச்சு’ என்பது மட்டும்தான் தெரியும்.

எந்தப் பத்திரம் என்பதைப் பொறுத்துத்தான், அந்த வீட்டில் அவர் இன்றைக்கு உரிமையாளரா, மகனின் தயவில் குடியிருப்பவரா என்பது முடிவாகிறது. முதியவர்களைப் பணத்துக்காக ஏமாற்றுவது என்றதும் நமக்குப் போனில் ஓடிபி கேட்கும் முகம் தெரியாத ஆள்தான் நினைவுக்கு வருகிறான். அது உண்மையான ஆபத்துதான். ஆனால் ஒரு மனிதரின் வாழ்நாள் சேமிப்பு முழுவதும் ஒரே கையெழுத்தில் போவது பெரும்பாலும் வீட்டு மனிதர்களிடம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் ஓராண்டுக் காலத்தில் ஏதாவது ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாகிறார். பணத்தையும் சொத்தையும் பறிப்பது அந்த வகைகளில் ஒன்று.

தமிழ்நாட்டில் ஒரு முதியவர் சொத்தை ‘எழுதிக் கொடுக்கும்போது’ சட்டப்படி என்ன நடக்கிறது, தவறு நடந்தால் திரும்பப் பெற என்ன வழி இருக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

ஒரு சங்கிலியை வைத்துத் தொடங்குவோம்

ஒரு பாட்டியின் கழுத்தில் ஐந்து பவுன் சங்கிலி கிடக்கிறது. பேத்தியைப் பார்த்து, ‘என் காலத்துக்கு அப்புறம் இது உனக்குத்தான்’ என்கிறார். சங்கிலி இன்னும் பாட்டி கழுத்தில்தான் இருக்கிறது. நாளைக்கே மனம் மாறி இன்னொரு பேத்திக்கு என்று சொல்லலாம். அவசரத்துக்கு விற்றும் விடலாம். யாரும் கேட்க முடியாது. இது உயில்.

அதே பாட்டி சங்கிலியைக் கழற்றிப் பேத்தி கழுத்தில் போட்டுவிடுகிறார். அந்த நொடியிலிருந்து அது பேத்தியுடையது. அடுத்த மாதம் ‘மருந்துக்குப் பணம் வேணும், சங்கிலியைக் கொடு’ என்றால், கொடுப்பதும் கொடுக்காததும் பேத்தியின் மனசு. இது செட்டில்மென்ட்.

மூன்றாவதாக, ‘என்னால அலைய முடியலை. நீ கொண்டுபோய் அடகு வெச்சு எனக்குப் பணம் வாங்கிட்டு வா’ என்று சங்கிலியைக் கையில் கொடுக்கிறார். சங்கிலி இப்போதும் பாட்டியுடையதுதான். பேத்தி அவருக்காக வேலை பார்க்கும் ஆள், அவ்வளவுதான். ஆனால் சங்கிலி அவள் கையில் இருக்கிறது. இது பவர்.

மூன்றையும் நம் வீடுகளில் ‘எழுதிக் கொடுத்தல்’ என்ற ஒரே பேச்சில் அடக்கிவிடுகிறோம்.

உயில்: என் காலத்துக்குப் பிறகு

உயில் என்பது ஒருவர் இறந்த பிறகு அவர் சொத்து யாருக்குப் போக வேண்டும் என்று எழுதி வைக்கும் ஆவணம். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-ன்படி எழுதுபவர் கையெழுத்திட வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் சான்றொப்பம் இட வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு செய்வதும் கட்டாயமில்லை. ஆனாலும் பிற்காலத்தில் ‘இது போலி’ என்று வழக்கு வரும்போது பதிவு கைகொடுக்கும் என்பதால் பதிவு செய்வது நல்லது.

பதிவு செய்த உயிலை மாற்ற முடியாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. உயிரோடும் தெளிந்த மனதோடும் இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம். முறைப்படி எழுதிய கடைசி உயில்தான் செல்லும்.

முதியவரின் பாதுகாப்பு என்று பார்த்தால் உயிலின் பெரிய பலம் இதுதான்: எழுதிய பிறகும் அவர் கை காலியாவதில்லை.

செட்டில்மென்ட்: இன்றைக்கே

பேச்சு வழக்கில் ‘தான செட்டில்மென்ட்’ என்று சொல்வது, ஒருவர் உயிரோடு இருக்கும்போதே குடும்பத்தில் ஒருவருக்கு விலை வாங்காமல் சொத்தைக் கொடுக்கும் பத்திரம். சொத்து மாற்றுச் சட்டம், 1882-ன்படி வீடு, நிலம் போன்றவற்றைத் தானமாகக் கொடுக்கப் பதிவு கட்டாயம். குறைந்தது இரண்டு சாட்சிகளும் வேண்டும். பெறுபவர் அதை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். இவ்வளவும் நடந்துவிட்டால் உரிமை அன்றே மாறிவிடும். (இஸ்லாமியத் தனிச்சட்டத்தில் தானத்துக்கும் உயிலுக்கும் தனி விதிகள் உண்டு. இங்கே அதற்குள் போகவில்லை.)

நம் பத்திரங்களின் நடையே மனிதர்களைக் குழப்பிவிடுகிறது. ஒரு செட்டில்மென்ட் பத்திரத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். ‘உன்பேரில் எனக்குள்ள அன்பினாலும் அபிமானத்தினாலும்’ என்று தொடங்கும். கேட்கவே இதமாக இருக்கும். கொஞ்சம் தள்ளி, ‘இன்று முதலே சுவாதீனம் ஒப்படைத்துவிட்டபடியால்’ என்று வரும். வீட்டின் அனுபவம் இன்றே உன்னிடம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம், ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்ற நீளமான வரி. தானம் செய்ய, பரிமாற்றம் செய்ய, விற்க, எல்லாவற்றுக்கும் இனி உனக்கே உரிமை என்று சொல்கிறது அது. கடைசியில், ‘இந்தச் செட்டில்மென்டை எக்காரணத்தை முன்னிட்டும் ரத்து செய்யவோ மாற்றவோ எனக்கு அதிகாரமில்லை’ என்று ஒரு வரி.

இந்த நாலு வரிகளையும் சாதாரணத் தமிழில் சொன்னால், ‘இந்த வீடு இன்றிலிருந்து உன்னுடையது, நீ விற்கலாம், நான் திரும்பக் கேட்க மாட்டேன்’ என்று வரும். 75 வயதில், கண்ணாடி போட்டும் சரியாகப் படிக்க முடியாத ஒருவருக்கு இதை இப்படி எடுத்துச் சொல்லிக் கையெழுத்து வாங்கினால் அவர் போடுவாரா? போடுபவர்களும் இருப்பார்கள். ஆனால் தெரிந்து போடுவார்கள். பத்திர எழுத்தரின் பழைய படிவத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொண்டுவந்து, ‘இங்கே ஒண்ணு, அங்கே ஒண்ணு’ என்று விரல் காட்டி வாங்கும் கையெழுத்தில் அந்தத் தெரிதல் இருப்பதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வேதனை தரும் விஷயம்.

செட்டில்மென்டை வில்லனாகக் காட்டுவது நோக்கமில்லை. குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை விற்பனையைவிட மிகக் குறைவு. உயில் எழுதிவிட்டுப் போனால் பிள்ளைகள் நீதிமன்றம் ஏறுவார்களோ என்ற பயம் நியாயமானது. மகன் வீட்டை இடித்துக் கட்ட வங்கிக் கடன் வாங்க வேண்டும், அதற்குப் பத்திரம் அவன் பெயரில் இருக்க வேண்டும் என்பதும் உண்மையான தேவையாக இருக்கலாம். இப்படிக் காரணம் இருந்து கொடுப்பவர்கள், அடுத்த பகுதியில் வரும் ஒரு வரியைச் சேர்க்காமல் கொடுக்கக் கூடாது.

ஆயுள் உரிமை: பலருக்கும் தெரியாத நடுவழி

பாட்டி சங்கிலியைப் பேத்தி பெயருக்கே கொடுத்துவிடுகிறார், ஆனால் ‘நான் இருக்கிறவரை என் கழுத்திலதான் கிடக்கும்’ என்கிறார். பேத்தியும் சரி என்கிறாள். சொத்து பேத்தியுடையது, அனுபவம் பாட்டியுடையது.

செட்டில்மென்ட் பத்திரத்தில் இதை அப்படியே எழுதலாம். இதற்கு ஆயுள் உரிமை, அதாவது வாழ்நாள் முழுவதும் அந்தச் சொத்தில் குடியிருக்கவும் அதன் வருமானத்தை எடுத்துக்கொள்ளவும் தனக்கு வைத்துக்கொள்ளும் உரிமை என்று பெயர். ‘எங்கள் இருவரின் ஆயுட்காலம் வரை மேற்படி வீட்டில் குடியிருக்கவும், வாடகை வருமானத்தை அடையவும் எங்களுக்கே உரிமை உண்டு’ என்று ஒரு பத்தி. கணவனும் மனைவியும் இருந்தால் இருவர் பெயரையும் கட்டாயம் போட வேண்டும். வீடு அப்பா பெயரில்தானே என்று அவர் ஆயுளுக்கு மட்டும் எழுதிவிட்டால், அவருக்குப் பின் அம்மாவுக்கு அந்த வீட்டில் எழுத்துப்பூர்வமான பிடி எதுவும் இருக்காது. பெரும்பாலும் அதிகக் காலம் தனியாக வாழப்போவது அம்மாதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இப்படி எழுதிய பிறகு மகன் வீட்டை விற்கப் போனாலும், வாங்குபவர் பெற்றோரின் உரிமைக்கு உட்பட்டுத்தான் வாங்க முடியும். பத்திரத்தைப் படித்த எவரும் அப்படி ஒரு வீட்டைச் சுலபத்தில் வாங்க மாட்டார்கள். பாதுகாப்பு அங்கேதான் இருக்கிறது.

பவர்: கை மட்டும் அவர்களுடையது

பவர் பத்திரம் என்பது உங்கள் சார்பில் சில வேலைகளைச் செய்ய இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரம். அவர் உங்கள் முகவர். சொத்து உங்களுடையதாகவே இருக்கும். நீங்கள் இறந்தால் சாதாரணமாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும்.

‘வெறும் பவர்தானே’ என்ற அலட்சியம்தான் இதில் ஆபத்து. பவரில் ‘விற்கவும், தொகை பெறவும், பதிவு செய்து கொடுக்கவும்’ என்று இருந்தால், அவர் விற்றது நீங்கள் விற்றதாகவே ஆகும். பணத்துக்கு அவர் உங்களுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்தான். ஆனால் அதைக் கேட்டு வாங்குவதற்குள் வீடு போயிருக்கும். வரி கட்ட, வாடகை வசூலிக்க, வழக்கைப் பார்த்துக்கொள்ள என்று தேவையான வேலையை மட்டும் குறிப்பிட்டுப் பவர் கொடுக்கலாம். விற்கும் அதிகாரத்தைச் சேர்க்க வேண்டிய அவசியம் அநேகமாக இருக்காது.

பவரை ரத்து செய்யலாம். பதிவான பவரை ரத்துப் பத்திரம் பதிந்துதான் ரத்து செய்ய வேண்டும். அதோடு முகவருக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்து, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்வதும் முக்கியம். ரத்து செய்தது தெரியாமல் அவர் செய்த காரியங்கள் உங்களைக் கட்டுப்படுத்தக்கூடும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உயிலில் உரிமை இறப்புக்குப் பின் மாறுகிறது, அதுவரை மாற்றி எழுதலாம். செட்டில்மென்டில் பதிவோடு மாறுகிறது, நினைத்தபோது திரும்ப எடுக்க முடியாது. ஆயுள் உரிமையோடு எழுதிய செட்டில்மென்டில் உரிமை மாறினாலும் அனுபவம் உங்களிடமே இருக்கிறது. பவரில் உரிமை மாறுவதே இல்லை, ஆனால் அதை வைத்து இன்னொருவர் விற்றுவிட முடியும்.

சார்பதிவாளர் முன்னால் அந்தச் சில நிமிடங்கள்

பத்திரப் பதிவில் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. சார்பதிவாளரின் மேசைக்கு முன்னால் உட்காரவைத்து, கேமராவில் படம் எடுத்து, விரல்ரேகை வாங்கும் நேரம். நீங்கள்தான் அந்த ஆளா, நீங்கள்தான் இந்தப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தீர்களா என்று பார்த்து உறுதி செய்ய வேண்டியது அவர் கடமை. இந்தப் பங்கீடு நியாயமா, இந்த மகன் நல்லவனா என்றெல்லாம் அவர் விசாரிக்க முடியாது. அது அவர் வேலையும் இல்லை. ‘கவர்ன்மென்ட் ஆபீசில் அதிகாரியே பார்த்துப் பதிவு செய்திருக்கிறார், தப்பாக இருந்தால் விட்டிருப்பாரா?’ என்ற நம்பிக்கைக்கு அடிப்படை கிடையாது.

ஆனால் ‘இதை நான் எழுதிக் கொடுக்கவில்லை’ என்று அந்த இடத்தில் ஒருவர் மறுத்தால், அவரைப் பொறுத்தவரை பதிவை மறுக்க வேண்டும் என்று பதிவுச் சட்டம், 1908 சொல்கிறது. வீட்டில் வாய் திறக்க முடியாமல் அழைத்து வரப்பட்ட ஒருவருக்கு இது கடைசிக் கதவு. கூட வந்தவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, முதியவரிடம் இரண்டு வார்த்தை தனியாகப் பேசிப் பார்க்கும் அதிகாரிகள் எவ்வளவோ அநியாயத்தைத் தடுக்க முடியும்.

நடக்க முடியாதவர்களுக்காகப் பதிவு அதிகாரி வீட்டுக்கே வருவதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. ‘படுத்த படுக்கையாக இருக்கிறார், அதனால் ஒரு பவர் வாங்கிக்கொள்வோம்’ என்று யாராவது சொன்னால், இப்படியும் வழி இருப்பதை நினைவில் வையுங்கள்.

எழுதிய பிறகு ரத்து செய்ய முடியுமா?

‘பத்திர ஆபீசில் போய் ரத்துப் பத்திரம் போட்டுவிடலாம்’ என்பது நீண்ட காலமாக உலவும் யோசனை. இதற்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-ல் பதில் சொல்லிவிட்டது. ஒரு செட்டில்மென்டை எழுதியவர் தன்னிச்சையாக ரத்து செய்து கொண்டுவரும் பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிய முடியாது. ரத்து செய்யும் உரிமையைச் சட்டம் அனுமதிக்கும் விதத்தில் மூலப் பத்திரத்திலேயே வைத்துக்கொண்ட அரிதான நிலை மட்டும் விலக்கு. ஆக, வழி இரண்டுதான்.

முதல் வழி உரிமையியல் நீதிமன்றம். ஏமாற்றி, மிரட்டி, அல்லது தகாத செல்வாக்கைப் பயன்படுத்தி வாங்கினார்கள் என்று நிரூபித்தால் பத்திரத்தை நீதிமன்றம் ரத்து செய்யும். தகாத செல்வாக்கு என்பது, ஒருவரின் விருப்பத்தையே ஆட்டிவைக்கும் இடத்தில் இருப்பவர் அந்த இடத்தைப் பயன்படுத்தி ஆதாயம் அடைவது. முதுமையாலும் நோயாலும் மனத்திறன் பாதிக்கப்பட்டவரிடம் வாங்குவதை ஒப்பந்தச் சட்டம் இதற்கு உதாரணமாகவே சொல்கிறது. அடி, உதை, மிரட்டல் எதுவும் இருக்க வேண்டியதில்லை. சாப்பாடு போடுபவர், மருந்து எடுத்துத் தருபவர், போனில் யார் பேசலாம் என்று தீர்மானிப்பவர், மற்ற பிள்ளைகளை ‘அவங்க உங்களைக் கண்டுக்கவே மாட்டாங்க’ என்று சொல்லிச் சொல்லியே தள்ளி வைப்பவர், எல்லாம் ஒரே ஆளாக இருந்தால், அவர் நீட்டும் தாளில் கையெழுத்திடாமல் இருக்க ஒரு முதியவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்? இந்த வழக்கைப் பொதுவாக உண்மை தெரியவந்த மூன்று ஆண்டுகளுக்குள் போட வேண்டும். நீதிமன்றக் கட்டணம், வழக்கறிஞர், ஆண்டுக்கணக்கில் வாய்தா என்பது முதியவருக்கு ஏறக்குறைய மூடிய கதவு.

அதனால்தான் இரண்டாவது வழி உருவானது.

2007-ம் ஆண்டுச் சட்டம் என்ன செய்கிறது?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007. மூத்த குடிமக்கள் என்றால் 60 வயது நிறைந்த இந்தியக் குடிமக்கள். இதற்கான தீர்ப்பாயமாகத் தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்டிஓ, செயல்படுகிறார். மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம், 60 நாட்களுக்குள். வழக்கறிஞர் வைக்காமல் மனு கொடுத்து நேரில் பேசும்படிதான் இந்த அமைப்பே உருவாக்கப்பட்டது.

தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள வழியில்லாத பெற்றோர், வயதுவந்த பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் ஜீவனாம்சம் கேட்கலாம். சட்டத்தில் இதன் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். மகள்களும் பொறுப்பில் வருவார்கள். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்தை வைத்திருக்கும் அல்லது அடையப்போகும் உறவினரிடம் கேட்கலாம்.

சொத்து விஷயத்தில் முக்கியமானது பிரிவு 23. மேலே சொன்ன உரிமையியல் வழக்கில் கேள்வி, ‘கையெழுத்திட்ட அன்று என்ன நடந்தது?’ என்பது. அன்றைக்கு மகன் அன்பாகத்தான் இருந்தான், அம்மா மனமார எழுதிக் கொடுத்தார் என்றால் அந்த வழக்கு அங்கேயே படுத்துவிடும். பிரிவு 23 கேட்கும் கேள்வி வேறு: ‘எழுதிக் கொடுத்த பிறகு என்ன நடந்தது?’ பெறுபவர் தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு மூத்த குடிமகன் சொத்தைக் கொடுத்து, பெற்றவர் அந்த அடிப்படைத் தேவைகளைக் கொடுக்க மறுத்தால் அல்லது தவறினால், அந்தப் பத்திரமே மோசடியாலோ வற்புறுத்தலாலோ தகாத செல்வாக்காலோ வாங்கப்பட்டதாகக் கருதப்படும். கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். அன்றைக்கு மோசடி நடந்ததா என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. பிந்தைய நடத்தையே போதும். நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பதும் இதுதான். வாங்கும்போது கெட்ட எண்ணம் இருப்பதில்லை. இரண்டு மூன்று வருடம் கழித்துக் கவனிப்பு தேய்கிறது.

இந்தப் பிரிவு வீட்டுக்கும் நிலத்துக்கும் மட்டுமில்லை. சட்டம் ‘சொத்து’ என்பதில் பணம், நகை, சுயசம்பாத்தியம், பூர்வீகம் எல்லாவற்றையும் சேர்க்கிறது. பெற்றவர் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஆனால் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பு எழுதிய பத்திரங்களுக்கு இது பொருந்தாது.

சரி, அந்த ‘நிபந்தனை’ பத்திரத்தில் எழுதியே இருக்க வேண்டுமா? இங்கேதான் இத்தனை ஆண்டுக் குழப்பமும். தாய் மகள்களுக்கு எழுதிய விடுதலைப் பத்திரம் (சொத்தில் தன் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) பற்றிய ஒரு வழக்கில், 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படி ஒரு நிபந்தனை இருந்ததைத் தீர்ப்பாயத்தின் முன் சொல்லி நிறுவ வேண்டும் என்றது. நிறுவாததால் அந்தத் தாய்க்குச் சாதகமான உத்தரவு நிற்கவில்லை. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு தாயின் வழக்கில், முதியவர்களுக்கு நன்மை செய்யவே வந்த சட்டம் இது, தாராளமாகத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லி, மகனுக்கு எழுதிய தானப் பத்திரம் ரத்தானதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பார்த்துக்கொள்வேன் என்று மகன் எழுதிக் கொடுத்த ஒரு உறுதிமொழித் தாளும் அந்த வழக்கில் இருந்தது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. நாகப்பட்டினம் மாவட்ட வழக்கு அது. தாய் மகனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார், மகன் இறந்த பிறகு மருமகள் கவனிக்கவில்லை. அன்பினாலும் பாசத்தினாலும் எழுதிக் கொடுத்தேன் என்ற வாசகத்திலேயே கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை மறைந்திருக்கிறது என்று இரு நீதிபதிகள் அமர்வு சொன்னது.

இந்தத் தீர்ப்புகளைப் படித்துவிட்டு ‘இனி கவலையில்லை, எழுதாவிட்டாலும் கிடைக்கும்’ என்று யாரும் இருந்துவிடக் கூடாது. ஒரு பத்தி எழுதியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய வாதத்துக்காக 80 வயதில் ஒருவர் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது.

இந்தப் பகுதியின் சுருக்கம்: சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்து இல்லை. நீதிமன்றம் கையெழுத்திட்ட நாளைப் பார்க்கும். ஆர்டிஓ தீர்ப்பாயம் அதற்குப் பிந்தைய நடத்தையைப் பார்க்கும், ஆனால் கவனிப்பு என்ற நிபந்தனை இருந்ததைக் காட்டுவது உங்களுக்குப் பெரிய பலம்.

எழுதுவதற்கு முன்

முதல் யோசனை: அவசரமில்லை என்றால் உயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செட்டில்மென்ட்தான் என்று முடிவெடுத்தால் ஆயுள் உரிமையோடு இன்னொரு பத்தியும் வேண்டும்: ‘எங்கள் ஆயுள் வரை உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் அளித்துப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் இந்தச் செட்டில்மென்ட் எழுதப்படுகிறது, தவறினால் இதை ரத்து செய்துகொள்ள எங்களுக்கு உரிமை உண்டு.’ கேட்க மனசங்கடமாக இருக்கும். பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா என்று தோன்றும். கவனிக்கப்போகிற பிள்ளைக்கு இந்த வரியால் ஒரு நஷ்டமும் இல்லை.

பத்திரத்தின் வரைவை வீட்டுக்கு வாங்கி வந்து, சொத்தைப் பெறப்போகிறவர் இல்லாத இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இலவச உதவி வேண்டுமானால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தேசிய அளவிலான அவர்களின் உதவி எண் 15100. வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்து, ‘இன்னைக்கே முடிக்கணும்’ என்ற அவசரம், ‘அக்காவுக்குத் தெரிய வேண்டாம்’ என்ற ரகசியம், பீரோவில் இருந்த மூலப் பத்திரம் இடம் மாறுவது, இவற்றில் எது நடந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை உண்டு. தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் பார்க்கலாம். ஒரு சொத்தின் மேல் எந்தெந்தப் பத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன என்ற பட்டியல் அது. அவ்வப்போது பார்த்தால், அப்பாவுக்கே தெரியாமல் ஏதாவது பதிவாகியிருந்தாலும் கண்ணில் படும்.

வங்கிக் கணக்கு பற்றி ஒரு வார்த்தை. நாமினி என்பவர் உங்களுக்குப் பின் பணத்தைப் பெற்று வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டிய பொறுப்பாளர். நீங்கள் இருக்கும்போது அவருக்குக் கணக்கில் எந்த அதிகாரமும் இல்லை. ஆனால் ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற கூட்டுக் கணக்கில் மற்றவர் இன்றைக்கே முழுப் பணத்தையும் எடுக்கலாம். ‘நாமினி மாதிரிதாம்மா’ என்று சொல்லிக் கூட்டுக் கணக்குப் படிவத்தை நீட்டினால் கையெழுத்திடாதீர்கள். பென்ஷன் கணக்கை முடிந்தவரை உங்கள் பெயரில் மட்டும் வைத்திருங்கள்.

ஏற்கெனவே எழுதியாயிற்று என்றால்

முதலில் எழுதியது எது என்று பாருங்கள். கையில் நகல் இல்லையென்றால் பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். உயில் என்றால் இன்னொரு உயில் எழுதினால் போதும். பவர் என்றால் ரத்து செய்யுங்கள். செட்டில்மென்ட் என்றால், சொத்து இன்னும் பெற்றவர் பெயரிலேயே இருக்கிறதா என்று வில்லங்கத்தில் பாருங்கள். அவர் அதை விவரம் அறியாத மூன்றாம் நபருக்குக் காசு வாங்கி விற்றிருந்தால் மீட்பது பல மடங்கு சிக்கலாகிவிடும். அதனால் இந்த விஷயத்தில் பொறுத்துப் பார்ப்பது நல்லதில்லை.

கோட்டாட்சியருக்கான மனுவை வெள்ளைத் தாளில் எழுதலாம். எந்த நாளில், எந்தச் சூழலில் எழுதிக் கொடுத்தீர்கள், கவனித்துக்கொள்வதாக என்ன பேச்சு இருந்தது, யார் முன்னிலையில், எப்போதிலிருந்து என்னென்ன நின்றுபோனது என்று தேதியோடு எழுதுங்கள். நிபந்தனை பற்றிய பேச்சை விட்டுவிட வேண்டாம்; 2022 டிசம்பர் உச்ச நீதிமன்ற வழக்கில் அந்தத் தாய் தோற்றது அங்கேதான். பத்திர நகல், வயதுச் சான்று, மருத்துவச் செலவு ரசீதுகள், வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால் அவற்றின் அச்சு நகல் எல்லாவற்றையும் சேருங்கள். ரத்து கேட்பதோடு ஜீவனாம்சமும் அதே மனுவில் கேட்கலாம். ஜீவனாம்ச மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். சிறப்புக் காரணம் இருந்தால் ஒரே ஒரு முறை 30 நாள் நீட்டிக்கலாம். நடைமுறையில் இதைத் தாண்டியும் இழுக்கிறது என்பதால் தேதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு விடாமல் கேட்க வேண்டும்.

நேரில் போக முடியாதவர் சார்பில் அவர் அதிகாரமளித்த வேறொருவரோ ஒரு தொண்டு அமைப்போ மனு கொடுக்கலாம். தீர்ப்பாயம் தானாகவேகூட எடுத்து விசாரிக்கலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. பராமரிக்க வேண்டியவர் ஒரு முதியவரைக் கைவிடும் நோக்கத்தோடு எங்காவது விட்டுவிட்டுப் போவது இதே சட்டத்தில் தனிக் குற்றம். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படி நடந்தால் தீர்ப்பாயத்துக்கு மனு போடுவதோடு காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எங்கே மனு கொடுத்தாலும் அலுவலக முத்திரையும் தேதியும் எண்ணும் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள். அடுத்த முறை போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.